அப்பா பேர் போதும் என்றேன்

1

கோயம்புத்தூரில் என்னோடு ஆசிரியர் பயிற்சி படித்த தோழி ஒருத்தி, இப்போது ஊரில் பள்ளி ஆசிரியர்களுக்காக ஒரு சிறு பத்திரிகை நடத்துகிறாள். போன மாதம் கூப்பிட்டாள். "ஏம்புள்ள, நீ புனேவுல வலைப்பூ, விக்கியெல்லாம் வெச்சுப் பாடம் நடத்தறயாமா? எப்படின்னு எழுதிக் குடு. இங்க இருக்கற வாத்திமாருங்களும் படிக்கட்டும்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் எதற்கு ஒப்புக்கொண்டேன் என்று உறைத்தது.

அதே வாரம் எங்கள் பள்ளியிலும் சுற்றறிக்கை வந்தது. இங்கே ஜூன் பாதியில் பள்ளி திறப்பு, மழையும் அப்போதுதான் பிடிக்கும். பியூன் நனைந்த குடையோடு வகுப்புக்கு வந்து நோட்டை நீட்டினார். 'ஏழாம் வகுப்பு விக்கியை இந்த ஆண்டும் தொடரவும்.' கீழே பிரின்சிபால் கையெழுத்து. படித்தேன் என்பதற்கு நானும் கையெழுத்துப் போட வேண்டும். பேனா இரண்டு தரம் கை நழுவி விழுந்தது. "காய் ஜாலா மேடம்?" என்றார் பியூன். என்ன ஆச்சு என்று கேட்கிறார். ஒன்றுமில்லை என்றேன்.

தோழி கேட்ட மாதிரி எழுத வருமா என்று தெரியவில்லை. எனக்கு இயல்பிலேயே பயம் ஜாஸ்தி. கேஸ் அடுப்பை மூடினேனா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் ஆட்டோவைத் திருப்பச் சொல்கிறவள் நான். என் வீட்டுக்காரர் செந்தில் அதை வைத்தே என்னைக் கிண்டல் செய்துகொண்டிருப்பார். போன வருஷம் நடந்ததற்கு அப்புறம் கிண்டலை நிறுத்திவிட்டார். அது என்னை இன்னும் பயமுறுத்துகிறது.

2

புனே வெளிநாடு இல்லைதான். கோவையில் ரயில் ஏறினால் மறுநாள் இறங்கிவிடலாம். ஆனாலும் வந்த புதிதில் நான் பட்ட பாடு, கடல் தாண்டிப் போனவர்கள் பட்டதற்குக் குறைச்சலில்லை. செந்திலுக்கு ஆகுர்டியில் வேலை. கார் கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் அதிகாரி. அவருக்குத் தொழிற்சாலை பாஷை ஒன்று போதும், அது எல்லா ஊரிலும் ஒன்றுதான். ரேஷன் கார்டு, கேஸ், பள்ளி என்று அலைந்தது நான்.

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரே கேள்வி. "ஆட்நாவ் காய்?" ஆட்நாவ் என்றால் குடும்பப் பெயர். இங்கே ஒருவருக்கு மூன்று பெயர். முதலில் தன் பெயர், நடுவில் அப்பா பெயர், கடைசியில் ஆட்நாவ். அதைச் சொன்னதும் ஆள் எந்த ஊர், என்ன சாதி என்று கேட்டவருக்குப் பாதி விளங்கிவிடும். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. "அதெப்படி இல்லாமல் இருக்கும்?" என்று ஒரு கிளார்க் என்னை அனாதையைப் பார்ப்பது போலப் பார்த்தார். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது. கடைசியில் செந்திலுடைய அப்பா பெயரைப் போட்டு அடைத்தார்கள். பரமசிவம்.

எங்கம்மா தன் மாமனார் பெயரை வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. நான் என்னடாவென்றால் காலையிலிருந்து சாயங்காலம் வரை 'பரமசிவம் மேடம்'. பிள்ளைகளுக்கு 'சிவம் டீச்சர்'. மரகதம் என்ற என் பெயரைச் சொல்லிக் கூப்பிட இந்த ஊரில் செந்திலை விட்டால் ஆளில்லை.

மராத்தி வேறு. நான் வந்தேன் என்பதைப் பெண் ஒரு விதமாகவும் ஆண் ஒரு விதமாகவும் சொல்ல வேண்டும். நான் வருஷக்கணக்கில் ஆண்பிள்ளை மாதிரியே 'மீ ஆலோ, மீ ஆலோ' என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். யாரும் திருத்தவில்லை, சிரித்துக்கொண்டார்கள். எங்கள் மகள் நிலாதான் ஒருநாள் பள்ளி வாசலில் வைத்துச் சொன்னாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. அன்றிலிருந்து எந்த அலுவலகத்துக்குப் போனாலும் எனக்காகப் பேசுவது அவள்தான். இப்போது பத்தாவது படிக்கிறாள். இந்தியும் மராத்தியும் கலந்து தமிழ் பேசுவாள், படிக்க வராது. இதை அச்சில் போட்டாலும் அவள் படிக்கப் போவதில்லை. அதனால் கொஞ்சம் தைரியமாக எழுதுகிறேன்.

பீளமேட்டில் நான் படித்த பள்ளியில், பெயருக்குப் பின்னால் சாதியைப் போட்டுக்கொண்டு ஒரு புதுப் பையன் வந்தபோது, கணக்கு வாத்தியார், "பேருக்குப் பின்னால வால் எதுக்குடா? அப்பா பேரோட மொத எழுத்துப் போதும்" என்று சொல்லி வருகைப் பதிவேட்டில் அடித்துவிட்டார். எங்களுக்கெல்லாம் அதில் ஒரே பெருமை. அந்தப் பெருமையை நான் புனே வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

3

இனி தோழி கேட்டது.

எங்கள் பள்ளி போசரியில் இருக்கிறது. சுற்றிலும் தொழிற்பேட்டை. பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு அப்பா ஏதாவதொரு பட்டறையில் வேலை. நான் சமூக அறிவியல் எடுக்கிறேன். முதலில் வலைப்பூ ஆரம்பித்தேன். வாரம் ஒரு பிள்ளை எழுதும், மற்றவர்கள் கீழே கருத்துச் சொல்வார்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் அங்கே பக்கம் பக்கமாக எழுதின.

அடுத்த வருஷம் விக்கி. வலைப்பூவில் ஒருவர் எழுதியதை அவர் மட்டும்தான் மாற்றலாம். விக்கியில் ஒரு பக்கத்தை வகுப்பில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது 'வரலாறு' என்ற பக்கத்தில் ஒன்று விடாமல் இருக்கும். 'எங்கள் போசரி' என்று தலைப்புக் கொடுத்தேன். பேருந்து நிறுத்தத்து வடாபாவ் கடைகளில் எது பழைய கடை என்று இரண்டு பையன்கள் மாற்றி மாற்றித் திருத்தி ஒரு வாரம் சண்டை போட்டார்கள். கடைசியில் இரண்டு பேரும் கடைக்காரர்களையே போய்க் கேட்டுக்கொண்டு வந்தார்கள். வரலாறு என்றால் என்னவென்று அன்றைக்கு அந்த வகுப்புக்குப் புரிந்தது. நான் இருபது வருஷம் கரும்பலகையில் எழுதியும் புரிய வைக்க முடியாதது அது.

மூன்று விதி வைத்திருந்தேன். கண்ணால் பார்த்ததையோ வீட்டில் கேட்டுத் தெரிந்ததையோ மட்டும் எழுது, புத்தகத்தைப் பார்த்து எழுதாதே. எதைத் திருத்தினாலும் அதற்கென்று இருக்கும் கட்டத்தில் காரணம் எழுது. மூன்றாவது விதி பெயர். மற்ற வகுப்புகளில் பிள்ளையின் பெயரும் ஆட்நாவும் போடுவார்கள். நான் என் பள்ளிக்கூடத்துப் பெருமையில், "ஆட்நாவ் வேண்டாம். உன் பேர், அப்பா பேர் போதும்" என்றேன். நம் ஊர்ப் பழக்கம், எத்தனை நல்ல பழக்கம் என்று ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பெற்றோர்கள் படிக்கட்டும் என்று விக்கியை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருந்தேன். பெற்றோருக்குத் தனித்தனியாகக் கடவுச்சொல் கொடுக்கச் சோம்பல்.

4

சாயலி என்று ஒரு பெண். ஒல்லியாக, இரட்டைப் பின்னலோடு, மூன்றாவது பெஞ்சில் உட்காருவாள். அவள் அப்பா ஒரு பிரஸ் ஷாப்பில் ஒப்பந்தத் தொழிலாளி. அவள் எழுதிய பக்கத்துக்குத் தலைப்பு 'பிரஸ் மெஷின்'. பாதி ஆங்கிலம், பாதி மராத்தி. தமிழில் தருகிறேன்.

'என் பப்பா பிரஸ் மெஷின் ஓட்டுகிறார். தகட்டை வைத்தால் மேலிருந்து இறங்கி ஒரே அடியில் வளைத்துவிடும். கை உள்ளே இருந்தால் மெஷின் தானாக நிற்பதற்கு ஒரு சென்சார் உண்டு. சென்சார் இருந்தால் வேலை மெதுவாகும் என்று அதை அணைத்து வைத்திருக்கிறார்கள். வெளியாட்கள் பார்க்க வந்தால் மட்டும் போடுவார்கள். பக்கத்து மெஷின் ஓட்டும் காகாவுக்கு இப்போது இரண்டு விரல் இல்லை.' கீழே, சாயலி தத்தாத்ரேய்.

படித்துவிட்டு நான் பயந்திருக்க வேண்டும். எதற்கெல்லாமோ பயப்படுகிறவள் அன்றைக்கு மட்டும் பயப்படவில்லை. பூரித்துப் போனேன். எங்கப்பா கணபதியில் ஒரு பம்பு கம்பெனியின் வார்ப்படப் பட்டறையில் முப்பது வருஷம் வேலை செய்தார். சட்டையில் பொட்டுப் பொட்டாகத் தீ பட்ட ஓட்டை இருக்கும். அங்கே என்ன நடக்கும் என்று ஒரு வரி சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இந்தப் பெண் கேட்டிருக்கிறாள், அவள் அப்பா சொல்லியிருக்கிறார். எனக்கு அவள் மேல் பொறாமை கலந்த ஒரு பிரியம் வந்தது.

அவள் எழுதியதற்குக் கீழே நான் கருத்துப் போட்டேன். 'மிகவும் நன்று. அந்த இடம் எப்படி இருக்கும்? படிப்பவர் கண்ணுக்குத் தெரியும்படி இன்னும் விவரமாக எழுது.' மறுநாள் அவள் ஒரு வரி சேர்த்திருந்தாள். 'கம்பெனிக்கு மஞ்சள் கேட். எதிரே லாரிகளை எடை போடும் இடம்.' காரணம் எழுதும் கட்டத்தில் 'டீச்சர் கேட்டார்' என்று இருந்தது.

5

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து செந்தில் கூப்பிட்டார். "ஏ மரகதம், இங்க வா. இது உன்ற பள்ளிக்கூடந்தானே?"

அவர் நீட்டிய போனில் சாயலியின் பக்கம். யாரோ படம் பிடித்து, செந்திலின் கம்பெனிக்கு உதிரி பாகம் செய்து தருபவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். கூடவே நாலைந்து சிரிப்புப் பொம்மைகள்.

"எந்தக் கம்பெனின்னு அவ எழுதலீங்களே" என்றேன்.

"மஞ்சக் கேட்டு, எதுத்தாப்புல எடைமேடைன்னா அந்த ரோட்டுல ஒண்ணே ஒண்ணுதான். எங்களுக்குச் சாமான் குடுக்கறவங்கதான். ஓனரும் இந்தக் குரூப்புல இருக்கறாரு."

"என்னங்க ஆகும்?"

"புள்ள பேரு இருக்குது, அப்பன் பேரையும் பக்கத்துலயே போட்டிருக்குது. அந்தாளைத் தேடிப் புடிச்சு நாளைக்கு வராதேன்னு சொல்லிருவாங்க. கான்ட்ராக்ட் ஆளு. கேக்க நாதியில்ல" என்றார். "எதுக்கு அப்பன் பேரை எழுத வெச்ச?"

அடுப்பில் தோசை கருகும் வாசனை வந்தது. சாதியைக் கழற்றப் போய் அப்பாவைக் காட்டிக் கொடுத்துவிட்டேன். நம் ஊர்ப் பெருமை ஒரு குடும்பத்தின் சோற்றில் கை வைத்துவிட்டது.

கம்ப்யூட்டரைத் திறந்து அந்தப் பக்கத்தை அழித்தேன். பல் துலக்கிக்கொண்டே வந்த நிலா எட்டிப் பார்த்தாள். "அம்மா, டிலீட் பண்ணா போவாது ந. ஹிஸ்டரில தோ இருக்கும்."

திறந்து காட்டினாள். இருந்தது. பழைய பக்கம், புதிய பக்கம், மஞ்சள் கேட், 'டீச்சர் கேட்டார்', எல்லாம் இருந்தது. யாரும் எதையும் மறைக்க முடியாது என்று வகுப்பில் நான் மெச்சிக்கொண்ட அதே வரலாறு. நிலாதான் விக்கியை வெளியார் பார்க்க முடியாதபடி பூட்டிக் கொடுத்தாள். "ஆனா ஸ்க்ரீன்ஷாட் போயிருச்சே. க்யா ஃபாய்தா?" என்றாள். என்ன பிரயோஜனம் என்கிறாள்.

பிறகு கேட்டாள். "நீதான ந சொன்னே, பாத்தத எழுதுன்னு? அவ எழுதுனா. அதுல அவ தப்பு க்யா?"

செந்திலிடம் திரும்பினேன். "ஏனுங்க, நீங்க போயி அந்தச் சென்சாரைப் போடச் சொல்லக்கூடாதுங்களா? நீங்க கேட்டா அவங்க கேப்பாங்கல்ல?"

"இப்பப் போயிக் கேட்டா, எவன் சொன்னான்னுதான் மொதல்ல தேடுவாங்க. உன்ற பேரு வரும், என்ற பேரு வரும், கடைசில அந்தாளு பேருதான் நிக்கும். கொஞ்ச நாள் பொறு" என்றார். அவர் முகமும் வெளுத்திருந்தது. அன்றைக்கு வீட்டில் யாரும் தோசை சாப்பிடவில்லை.

6

செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் பிரின்சிபால் அறைக்கு வரச் சொன்னார்கள். வருகைப் பதிவேடு என் கைப்பையில் இருந்தது. சிவப்புத் துணி அட்டை போட்ட நீளமான நோட்டு. பையில் முழுசாக அடங்காது, ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

மேசைக்கு முன்னால் இஸ்திரி கலையாத சட்டையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். கம்பெனியில் ஆள் நிர்வாகம் பார்ப்பவராம். எழுந்து வணக்கம் சொன்னார். குரல் அவ்வளவு மென்மை. கத்தியிருந்தால் எனக்கு இத்தனை பயம் வந்திருக்காது.

இந்தியில் பேசினார். "குழந்தை நன்றாக எழுதியிருக்கிறாள் மேடம். எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. அவள் அப்பாவிடம் கொஞ்சம் பேச வேண்டும், அவ்வளவுதான். எங்களிடம் நாலு தத்தாத்ரேய் இருக்கிறார்கள். எல்லாரும் கான்ட்ராக்ட், வீட்டு விவரம் எதுவும் எங்களிடம் இல்லை. நீங்கள் ஆட்நாவ் மட்டும் சொல்லுங்கள்."

ஆட்நாவ். பதினாறு வருஷமாக ஒவ்வொரு ஜன்னலிலும் என்னிடம் கேட்ட அதே கேள்வி. அப்போதெல்லாம் சொல்ல என்னிடம் ஒன்றும் இருந்ததில்லை. அன்றைக்கு இருந்தது. சாயலியின் ஆட்நாவ் எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் வருகை எடுக்கும்போது வாய்விட்டுப் படிக்கிற பெயர். நாக்கு நுனியில் நின்றது. எங்கே பயத்தில் தானாக வந்துவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"எங்கள் வகுப்பில் ஆட்நாவ் எழுதுவதில்லை" என்றேன். "நான் தமிழ்நாட்டுக்காரி. எங்களுக்கு அது பழக்கமில்லை. எனக்கு ஞாபகத்தில் நிற்காது."

அவர் சிரித்தார். "பரவாயில்லை. ரெஜிஸ்டரில் இருக்குமே."

பிரின்சிபால் என்னைப் பார்த்தார். ஐம்பது வயதுக்கு மேல், கண்டிப்பான அம்மாள். எனக்கும் அவருக்கும் ஒத்துப்போனதே இல்லை. "ரெஜிஸ்டர் எங்கே, பரமசிவம் மேடம்?" என்று கேட்டார்.

பை என் மடியில் இருந்தது. சிவப்பு முனை வெளியே தெரிந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, "வீட்டில்" என்றேன். நான் மராத்தியில் சொன்னேனா, தமிழில் சொன்னேனா என்றுகூட இப்போது நினைவில்லை.

பிரின்சிபாலின் கண் என் கைமேல் இறங்கியது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு குரலை உயர்த்தினார். "ரெஜிஸ்டரை வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது என்று எத்தனை முறை சொல்வது? உங்களுக்கு மெமோ கொடுக்கிறேன்." அந்தக் கம்பெனிக்காரர் பக்கம் திரும்பி, குழந்தைகளின் விவரத்தை எழுத்து மூலம் கேட்டால் நிர்வாகக் குழுவில் வைத்துப் பார்க்கிறோம் என்றார்.

"திங்கட்கிழமை வருகிறேன்" என்று எழுந்தார் அந்த மனிதர். போகும்போதும் வணக்கம் சொன்னார்.

மத்தியானம் மெமோ வந்தது, முத்திரையோடு. இன்னும் என் கோப்பில் இருக்கிறது. பதவி உயர்வின்போது அதை எடுத்துப் பார்ப்பார்கள். அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது அந்தக் காகிதம்தான் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

7

போசரிப் பட்டறைகளுக்கு வியாழக்கிழமை வார விடுமுறை. அன்றைக்கு மட்டும் சாயலியை அழைத்துப் போக அவள் அப்பா ஸ்கூட்டரில் வருவார். அந்த வியாழன் நான் கடைசி பீரியடை முன்னதாக முடித்துவிட்டு கேட்டுக்குப் போய் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது.

அவர் திட்டட்டும் என்று தயாராகத்தான் போனேன். சின்ன உருவம், மெலிந்த மனிதர். என்னைக் கண்டதும் ஸ்கூட்டரை விட்டு இறங்கினார். சாயலி பின்னால் வந்து நின்றாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மராத்தியில் சொல்ல முயன்றேன். அவர் நடுவிலேயே நிறுத்தினார்.

"எங்க நாலு பேரையும் தனித்தனியாக் கூப்பிட்டுக் கேட்டாங்க டீச்சர். எனக்குப் பொண்ணே இல்ல, ஒரு பையன்தான்னு சொல்லிட்டேன்" என்றார்.

சாயலி ஸ்கூட்டரில் கால் வைக்கும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"வேலை இருக்குதானே?" என்றேன்.

"இதுவரைக்கும் இருக்கு." மகளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். "அவ ஒண்ணும் பொய் எழுதல டீச்சர். சொன்னது நான்தான். தினம் ராத்திரி சாப்பிடும்போது இன்னைக்கு என்ன செஞ்சீங்க பப்பான்னு கேப்பா, நானும் சொல்லிட்டிருப்பேன். இனிமே வீட்ல வேலை பத்திப் பேச மாட்டேன்."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன். எங்கப்பா மாதிரி இன்னொரு அப்பாவை உண்டாக்கி வைத்துவிட்டேன். அவர்கள் கிளம்பிப் போன பிறகும் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். வாட்ச்மேன் குடை வேண்டுமா என்று கேட்டார்.

8

திங்கட்கிழமை அந்த மனிதர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியாது. வேறு ஏதோ வேலை முளைத்திருக்கலாம், வேறு யாரோ அகப்பட்டிருக்கலாம். அதை நினைத்தால் இன்னொரு பயம் வருகிறது. இன்னும் மூன்று தத்தாத்ரேய்கள் இருந்தார்களே.

தீபாவளி கழித்து, எல்லாக் கம்பெனிகளுக்கும் போகிற வழக்கமான சோதனைக்காக செந்தில் அங்கேயும் போனார். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார். "பாத்தேன் மரகதம். எல்லா மெஷின்லயும் சென்சார் ஓடுது."

நான் சந்தோஷப்பட்டேன், ஒரு நிமிஷம். அப்புறம் சாயலியின் வரி நினைவுக்கு வந்தது. வெளியாட்கள் பார்க்க வந்தால் மட்டும் போடுவார்கள். செந்திலுக்கும் அது நினைவிருந்திருக்க வேண்டும். அவர் என் முகத்தைப் பார்க்காமல் குளிக்கப் போய்விட்டார்.

இந்த ஜூனில் சுற்றறிக்கை வந்த மறுநாள், போன வருஷத்து விக்கியைத் திறந்தேன். புதுப் பிள்ளைகளுக்காகச் சுத்தம் செய்ய வேண்டும். வரலாற்றுப் பக்கத்தைக் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனபோது ஒரு மாற்றம் கண்ணில் பட்டது. நான் பக்கத்தைப் பூட்டி, பிறகு பார்க்கவே அஞ்சி விட்டுவிட்ட நாட்களில் நடந்தது. வகுப்புப் பிள்ளைகள் உள்ளே போக முடியும் என்பதை மறந்திருந்தேன். அவள் அப்பா ஸ்கூட்டரிலிருந்து இறங்கி என்னிடம் பேசிய அதே வியாழன் சாயங்காலம், சாயலி வந்திருக்கிறாள். அழித்த பக்கத்தை மீட்டு எடுத்திருக்கிறாள். மஞ்சள் கேட்டை எடுத்துவிட்டாள். காகாவின் விரல்களை எடுத்துவிட்டாள். தன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த அப்பா பெயரை எடுத்துவிட்டாள். ஒரே ஒரு வரியை மாற்றி வைத்திருக்கிறாள். 'சென்சார் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.' காரணம் எழுதும் கட்டத்தில், 'தப்பாக எழுதிவிட்டேன், திருத்தினேன்.'

விதியை மீறவில்லை. திருத்தினாள், காரணமும் எழுதியிருக்கிறாள்.

தோழி, நீ கேட்டதற்கு இதுதான் பதில். விக்கி வையுங்கள், பிள்ளைகள் உண்மையாகவே எழுதுவார்கள். அதைத் தாங்க உங்களால் முடியுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இந்த வருஷம் கோட்டைகளைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறேன். பெயர் வேண்டாம், வரிசை எண் போதும். வெளியார் யாரும் பார்க்க முடியாது. எல்லாரும் புத்தகத்தைப் பார்த்து அழகாக எழுதியிருக்கிறார்கள். எந்தக் கோட்டையாலும் யாருக்கும் வேலை போகாது.

சாயலி இப்போது எட்டாவது, பக்கத்து வராந்தாவில் இருக்கிறாள். என்னைப் பார்த்தால் நின்று வணக்கம் சொல்கிறாள். உங்கள் பப்பா கம்பெனியில் சென்சார் நிஜமாகவே ஓடுகிறதா என்று ஒரு கேள்வி கேட்க எனக்கு எத்தனையோ சந்தர்ப்பம் கிடைத்தது. கேட்கவில்லை. கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள்.

அதற்குப் பதிலாக வியாழக்கிழமைகளில் கேட்டுக்கு வந்து நிற்கிறேன். அவள் அப்பா ஸ்கூட்டரில் வருகிறார். பிரேக்கைப் பிடித்திருக்கும் அந்தக் கைகளைப் பார்க்கிறேன். இடது கையில் ஐந்து, வலது கையில் ஐந்து. சாயலி ஏறி உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொள்ளும் வரை, இன்னொரு தரம் எண்ணுகிறேன்.